மஸ்கட் கௌல்நாமாவும் ராயக்கோட்டை வழியும்

1799 மார்ச் 5ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜெனரல் ஹாரிஸ் நடத்திய படை ராயக்கோட்டையிலிருந்து கிளம்பி திப்புவின் எல்லைக்குள் நுழைந்தது. அஞ்செட்டி துர்க்கம், நீல துர்க்கம் போன்ற சின்ன மலைக்கோட்டைகளைப் பிடித்துக்கொண்டு 9ஆம் தேதி கெலமங்கலத்தில் முகாம் போட்டது. மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் வரலாற்றில் ஆர்வமுள்ள யாரைக் கேட்டாலும் இந்த வரிசையைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இதே போரின் ஒரு துண்டு ஐந்து மாதத்துக்கு முன்பே, அரபிக்கடலின் எதிர்க்கரையில், ஓமன் நாட்டின் மஸ்கட் துறைமுகத்தில் முடிந்திருந்தது. 1798 அக்டோபர் 12ஆம் தேதி மஸ்கட்டை ஆண்ட சுல்தான் பின் அஹ்மத் கம்பெனிக்கு ஒரு கௌல்நாமா எழுதிக் கொடுத்தார். ஏழு பிரிவுகள் கொண்ட ஒப்பந்தப் பத்திரம் அது.

வளைகுடாவில் பிரிட்டிஷ் ராஜதந்திரம் பற்றி எழுதுகிறவர்கள் இதை அரபு நாட்டு வரலாறாக எழுதுகிறார்கள். பாராமகால் (கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் வட்டாரம்) பற்றி எழுதுகிறவர்கள் ராயக்கோட்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் படித்தால்தான் கம்பெனி என்ன செய்தது என்பது விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம். காரணங்களை ஒவ்வொன்றாக வைக்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. சுல்தான் என்பது இவருடைய பட்டம் இல்லை, பெயரே அதுதான். அல் பு சயீத் வம்சத்தை நிறுவிய அஹ்மத் பின் சயீத் 1783ல் இறந்தபின் மகன் சயீத் இமாம் ஆனார். இமாம் என்றால் இபாதி முஸ்லிம்கள் தேர்ந்தெடுக்கும் சமயத் தலைவர், நாட்டுத் தலைவரும் அவரே. ஆனால் சயீதின் கையில் அதிகாரம் நிலைக்கவில்லை. அவர் உள்நாட்டில் ருஸ்தாக் கோட்டையில் இமாம் பட்டத்தோடு உட்கார்ந்திருக்க, 1790களின் தொடக்கத்தில் தம்பி சுல்தான் மஸ்கட் துறைமுகத்தைக் கைப்பற்றிக்கொண்டார். பட்டம் அண்ணனிடம், சுங்க வருமானம் தம்பியிடம். கம்பெனிக்காரர்கள் தம்பியையே 'மஸ்கட் இமாம்' என்று எழுதினார்கள். நெப்போலியனும் அப்படித்தான் எழுதினார். துறைமுகம் யார் கையில் இருக்கிறதோ அவரோடுதான் வெளியார் பேசுவார்கள் என்பது சுல்தானுக்கு நன்றாகத் தெரியும்.

மஸ்கட்டில் விளைச்சல் என்று சொல்லிக்கொள்ளப் பேரீச்சையைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. சோற்றுக்கு அரிசி கடல் தாண்டி வரவேண்டும். அந்த அரிசியில் பெரும்பங்கு மங்களூரிலிருந்து போனது. மங்களூர் அப்போது திப்புவின் துறைமுகம். அரிசியோடு மிளகு, ஏலம், சந்தனம் எல்லாம் போயின. திப்பு மஸ்கட்டிலேயே ஒரு வணிகக் கோட்டி, அதாவது வியாபார நிலையம், வைத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தாரோகாவையும் போட்டிருந்தார். 1785, 86ஆம் ஆண்டுகளில் அந்தத் தாரோகாவுக்கு அவர் அனுப்பிய கடிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. எதை என்ன விலைக்கு விற்கவேண்டும், எதை விற்காமல் நிறுத்திவைக்கவேண்டும், அங்கிருந்து என்ன வாங்கவேண்டும் என்று வரிக்கு வரி உத்தரவு. கந்தகம் வாங்கு, பேரீச்சைக் கன்று அனுப்பு, பட்டுப்புழுவை வளர்க்கத் தெரிந்த ஆட்களோடு சேர்த்து அனுப்பு என்றெல்லாம் வருகிறது. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோகிறவர்களுக்கும் ஓசூர்ப் பக்கம் மல்பெரி வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கடைசி வரி பிடிக்கும். மைசூர்ப் பட்டு வளர்ப்பின் தொடக்கத்தில் மஸ்கட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1786ல் திப்பு துருக்கி சுல்தானிடம் அனுப்பிய தூதுக்குழுவும் மஸ்கட், பஸ்ரா வழியாகத்தான் போனது. ஆக, சுல்தான் பின் அஹ்மதுக்குத் திப்பு எதிரி இல்லை, சோறு வரும் வழி. பிரெஞ்சுக்காரர்களும் எதிரி இல்லை. மொரீஷியஸ் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. மஸ்கட் கப்பல்கள் அங்கே போய் வந்துகொண்டிருந்தன. 1781ல் பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல்கள் மஸ்கட்டின் 'சாலிஹ்' என்ற கப்பலைப் பிடித்துக்கொண்டதற்கு, பதிலாக ஒரு கப்பல் கொடுத்து 1790ல் கணக்கைத் தீர்த்திருந்தார்கள். 1795ல் மஸ்கட்டுக்கு ஒரு கான்சலை நியமிக்கவும் பாரிஸ் முடிவு செய்தது. பொஷாம்ப் என்ற வானியல் அறிஞரைத்தான் நியமித்தார்கள். அவர் மஸ்கட் போய்ச் சேரவே இல்லை. மூன்று வருடம் காலியாகக் கிடந்த அந்த நாற்காலிதான் கம்பெனிக்குக் கிடைத்த முதல் லாபம்.

1798 ஜனவரி 30ஆம் தேதி மொரீஷியஸ் கவர்னர் மாலர்டிக் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். திப்புவின் தூதர்கள் வந்திருக்கிறார்கள், ஆங்கிலேயரை விரட்டப் பிரெஞ்சு உதவி கேட்கிறார்கள், விருப்பமுள்ளவர்கள் படையில் சேரலாம் என்று ஊரறியப் போட்டு உடைத்தார். ரகசியமாக நடக்கவேண்டிய தூது அது. சேர்ந்தவர்கள் நூறு பேர் அளவுக்குத்தான். ஏப்ரல் கடைசியில் அவர்கள் மங்களூரில் இறங்கினார்கள். அந்த அறிவிப்பின் நகல் ஜூன் மாதம் கல்கத்தாவில் புது கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி கைக்குப் போனது. திப்புவுக்கு வந்த நூறு பேரால் ஒரு கோட்டை மதிலைக்கூடக் காக்க முடியாது. வெல்லஸ்லிக்கோ போருக்கான காரணம் அச்சடித்தே வந்து சேர்ந்தது. இந்த மொத்த விவகாரத்தில் திப்புவுக்கு நேர்ந்த பெரிய கெடுதல் மாலர்டிக்கின் அந்த அறிவிப்புதான்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைத் தேதிவாரியாகப் பார்க்கவேண்டும். செப்டம்பர் 1ஆம் தேதி ஹைதராபாத் நிஜாமோடு ஒப்பந்தம். அக்டோபர் 12ஆம் தேதி மஸ்கட் கௌல்நாமா. அக்டோபர் 22ஆம் தேதி ஹைதராபாத்தில் பிரெஞ்சு அதிகாரிகள் நடத்திய படைப்பிரிவின் ஆயுதங்கள் பறிப்பு. நெப்போலியன் ஜூலை தொடக்கத்திலேயே எகிப்தில் இறங்கிவிட்டார். ஆகஸ்ட் 1ஆம் தேதி ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன் அவருடைய கப்பல் படையை அழித்துவிட்டார். அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு டுவால் என்ற கடற்படை அதிகாரி அலெப்போ, பஸ்ரா வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தபோது அக்டோபர் மாதம் முடியப்போகிறது. அதாவது, எகிப்தில் பிரெஞ்சுக் கப்பல்கள் எரிந்துபோன சேதி பம்பாய்க்கு வருவதற்கு முன்பே மஸ்கட் பத்திரம் முடிந்துவிட்டது. பயம் மிக அதிகமாக இருந்த நேரத்தில் செய்த ஏற்பாடு அது. அந்தப் பயம் பத்திரத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

ஏற்பாடு செய்தவர் பம்பாய் கவர்னர் ஜோனதன் டங்கன். அனுப்பப்பட்டவர் மெஹ்தி அலி கான், பாரசீகத்தைச் சேர்ந்தவர். பாரசீகக் கரைத் துறைமுகமான புஷையரில் கம்பெனியின் ரெசிடெண்டாக, அதாவது அங்கேயே தங்கும் பிரதிநிதியாக, பொறுப்பேற்கப் போகிற வழியில் மஸ்கட்டில் இறங்கி இந்த வேலையை முடிக்கவேண்டும் என்பது உத்தரவு. வெள்ளைக்காரத் தளபதியோ போர்க்கப்பலோ கூடப் போகவில்லை. பாரசீக மொழியும் தர்பார் நடைமுறையும் தெரிந்த ஒருவர் போதும் என்று டங்கன் கணக்குப் போட்டார். காசியில் ரெசிடெண்டாக இருந்து பழகியவர் அவர். இந்த விஷயத்தில் அவர் கணக்கு தப்பவில்லை.

இனி பத்திரம். முதலில் கவனிக்கவேண்டியது, இது இரண்டு பேர் சமமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட உடன்படிக்கை இல்லை. ஓமன் அரசிடமிருந்து ஆங்கிலக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்படும் பத்திரம் என்றுதான் தலைப்பே தொடங்குகிறது. 'உங்கள் நண்பர் எங்கள் நண்பர், உங்கள் எதிரி எங்கள் எதிரி' என்று இருபக்க வாசகம் ஒரு பிரிவில் வருகிறது. ஆனால் சுல்தானுக்கு ஆபத்து வந்தால் கம்பெனி இத்தனை கப்பல் அனுப்பும், இவ்வளவு பணம் தரும் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை.

மூன்றாவது பிரிவுதான் உயிர். கம்பெனிக்கும் பிரெஞ்சு, டச்சுக்காரர்களுக்கும் சண்டை நடக்கும் காலம்வரை இந்த நாட்டில் அவர்களுக்கு உட்கார இடம் கிடையாது, நிற்க மண்ணும் கிடையாது. டச்சுக்காரர்கள் ஏன் வருகிறார்கள் என்றால், அப்போது ஹாலந்து பிரான்சின் பிடியில் இருந்தது. மஸ்கட்டுக்கு டச்சுக்காரர்களின் ஜாவாத் துறைமுகமான படேவியாவோடு வியாபாரமும் இருந்தது. நான்காவது பிரிவு ஒரே ஒரு ஆளைப் பற்றியது. சுல்தானிடம் சில வருடமாக வேலை பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரர், சுல்தானின் கப்பல் ஒன்றுக்குத் தலைவராக மொரீஷியஸ் போயிருக்கிறார், திரும்பி வந்ததும் அவரை வேலையை விட்டு நீக்கிவிடுகிறேன் என்று எழுதித் தருகிறார். அரசாங்கப் பத்திரத்தில் தனி ஆளுக்கு ஒரு பிரிவு ஒதுக்கியிருப்பதைப் பார்த்தால், மெஹ்தி அலி கான் துறைமுகத்தில் யார் யார் என்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் பேச உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிகிறது.

ஐந்தாவது பிரிவை விளங்கிக்கொள்ள இடத்தைப் பார்க்கவேண்டும். மஸ்கட் துறைமுகம் குதிரைலாடம் மாதிரி ஒரு சின்னக் குடா. வாய் வடக்கே திறந்திருக்கும், மற்ற பக்கமெல்லாம் மொட்டைப் பாறை. இரண்டு பாறைகளின் மேல் ஜலாலி, மிரானி என்று இரண்டு கோட்டைகள். 1580களில் போர்ச்சுகீசியர் கட்டியவை. ஓமனில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்கள் அல் ஆலம் அரண்மனைப் பக்கம் போய் நின்றால் இரண்டையும் பார்க்கலாம். குடாவுக்குள் நங்கூரம் போட்ட கப்பலுக்கு அலையும் இல்லை, பகைவர் பயமும் இல்லை. இரு கோட்டைகளின் பீரங்கிகளும் காவல். குடாவுக்கு வெளியே நிற்கும் கப்பலுக்கு இந்த இரண்டும் கிடையாது. தண்ணீரைப் படகில் அவ்வளவு தூரம் கொண்டுபோய் ஏற்றவேண்டும். அதற்குள் எதிரிக் கப்பல் வந்துவிட்டால் திறந்த கடலில் நின்று சண்டை போடவேண்டும். ஐந்தாவது பிரிவு என்ன சொல்கிறது? தண்ணீருக்காக வரும் பிரெஞ்சுக் கப்பல், ஆங்கிலக் கப்பல்கள் நிற்கும் குடாவுக்குள் வரக்கூடாது, வெளியேதான் நிற்கவேண்டும். அங்கே ஆங்கிலக் கப்பலுக்கும் பிரெஞ்சுக் கப்பலுக்கும் சண்டை மூண்டால் மஸ்கட் படை ஆங்கிலேயர் பக்கம் சேரும். நடுக்கடலில் நடக்கும் சண்டையில் மஸ்கட் தலையிடாது.

தண்ணீர் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வாசலில் நிறுத்தித் தண்ணீர் கொடுப்பேன் என்கிறார் சுல்தான். நடுக்கடலில் எனக்குப் பொறுப்பில்லை என்றும் எழுதிவைத்துக்கொள்கிறார். அவருடைய கப்பல்கள் மொரீஷியஸ் வழியிலும் படேவியா வழியிலும் போய்க்கொண்டிருக்கும்போது, நடுக்கடலில் ஆங்கிலேயர் பக்கம் சேர்வதாக எழுதிக் கொடுத்தால் அத்தனை கப்பலுக்கும் ஆபத்து. தன் பங்குக்கு அவர் நிதானமாகத்தான் பேசியிருக்கிறார்.

இதே நிதானம் ஏழாவது பிரிவிலும் இருக்கிறது. கம்பெனிக்கு மஸ்கட்டிலேயே ஒரு கோட்டி வேண்டும். சுல்தான் முடியாது என்றார். அப்படிச் செய்தால் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் தன்மேல் பாய்வார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அதற்குப் பதில் பந்தர் அப்பாஸைக் காட்டினார். பாரசீகக் கரையில் அவர் குத்தகைக்கு வைத்திருந்த துறைமுகம் அது. அங்கே கம்பெனி கோட்டி கட்டிக்கொள்ளலாம், அரண் எழுப்பிப் பீரங்கி ஏற்றலாம், 40, 50 ஆங்கிலேயரும் 700, 800 சிப்பாய்களும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார். சொந்த வீட்டு வாசலைக் காத்துக்கொண்டு, குத்தகை நிலத்தில் இடம் ஒதுக்கினார். கம்பெனி அந்த இடத்தில் கோட்டி கட்டாமலே விட்டுவிட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது மூன்றாவது பிரிவும் ஐந்தாவது பிரிவும்தான்.

அப்படியானால் அரிசி கொடுத்த திப்புவை விட்டு சுல்தான் ஏன் கம்பெனிப் பக்கம் சாய்ந்தார்? துறைமுகங்களை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாதி ராஜ்யத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழந்தார். கம்பெனி பங்குக்கு வந்தவை பாராமகால், திண்டுக்கல், மலபார், குடகு. பாராமகால் வந்ததால் நம்ம பக்கம் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நில அளவைக்கு வந்தார்கள். மலபார் போனதால் கள்ளிக்கோட்டை, கண்ணூர்க் கரை கம்பெனியிடம் போனது. பம்பாய், சூரத், வங்காளம் ஏற்கெனவே அவர்களிடம். மேற்குக் கரையில் திப்புவுக்கு மிஞ்சியது கன்னடக் கரை மட்டும். மங்களூர் ஒன்றுக்காக மற்ற எல்லாத் துறைமுகங்களையும் பகைத்துக்கொள்ள மஸ்கட் வியாபாரிகளால் முடியாது. சுங்க வருமானத்தில் உட்கார்ந்திருக்கும் அரசருக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

பத்திரம் கைக்கு வந்துவிட்டதால் கம்பெனி நிம்மதியாகத் தூங்கிவிடவில்லை. 1799 ஜனவரி இறுதியில் கெய்ரோவிலிருந்து நெப்போலியன் இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று திப்புவுக்கு: பெரும்படையோடு செங்கடல் கரைக்கு வந்துவிட்டேன், மஸ்கட், மொக்கா (யெமன் நாட்டுத் துறைமுகம்) வழியாக உங்கள் நிலவரத்தைத் தெரிவியுங்கள், நம்பகமான ஆளை சூயஸுக்கோ கெய்ரோவுக்கோ அனுப்புங்கள் என்று. இன்னொன்று 'மஸ்கட் இமாமுக்கு': உங்கள் வணிகக் கப்பல்கள் சூயஸ் வரலாம், பாதுகாப்புத் தருகிறோம், இத்துடன் உள்ள கடிதத்தைத் திப்பு சாகிபுக்கு முதல் வாய்ப்பில் அனுப்பிவையுங்கள் என்று. கடிதம் போகவேண்டிய வழி சூயஸ், ஜித்தா, மொக்கா, மஸ்கட், மங்களூர், கடைசியாக ஸ்ரீரங்கப்பட்டணம். எல்லாத் துறையிலும் கைமாறவேண்டும். ஒரு துறையில் தவறினாலும் போச்சு. மொக்காவில் இருந்த கம்பெனி ஏஜெண்ட் கேப்டன் வில்சன் கைக்கு இரண்டும் சிக்கின. மஸ்கட்டுக்கே வந்து சேராததால், வந்திருந்தால் சுல்தான் அதை மங்களூருக்கு அனுப்பியிருப்பாரா என்ற சோதனை நடக்கவே இல்லை.

செங்கடல் வாசலை அடைக்கவும் கம்பெனி முயன்றது. 1799 மே மாதம் பம்பாயிலிருந்து முந்நூறு பேர் போலப் போய் பெரிம் தீவில் இறங்கினார்கள். வரைபடத்தில் பார்த்தால் செங்கடல் வாயில் சரியாகத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருக்கும் தீவு. ஆனால் அங்கே குடிதண்ணீர் கிடையாது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் இதை முன்பே யோசித்திருக்கவேண்டும். சில மாதத்தில் காலிசெய்துவிட்டு ஏடனுக்கு நகர்ந்தார்கள். ஏடனை ஆண்ட லஹெஜ் சுல்தான் அவர்களை நல்லபடியாக வரவேற்றார். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாக 1802 செப்டம்பரில் ஹோம் பாபம் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி அவரோடு ஒரு வணிக உடன்படிக்கை செய்தார்.

இப்போது ராயக்கோட்டைக்கு வருவோம். ஹாரிஸின் சென்னைப் படை இருபதாயிரத்துக்கு மேல். ஆம்பூர்ப் பக்கம் வந்து சேர்ந்துகொண்ட ஹைதராபாத் படை ஏறத்தாழ 16,000. பாராமகாலில் ஏழு வருடம் ரீடும் உதவியாளர்களும் செய்த ஊர்வாரி அளவையும் பாதைகள் பற்றிய அறிவும் இந்தப் படைக்குக் கை கொடுத்தன. தானியம் திரட்டும் வேலையும் ரீடிடம்தான். அப்படியும் ஏப்ரல் நடுவில், ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது, படைக்கு அரைப்படி கணக்கில் 18 நாளுக்குத்தான் அரிசி இருக்கிறது என்று தெரிந்து ஹாரிஸ் கலங்கிப்போனார். மே 4ஆம் தேதித் தாக்குதலுக்கு அந்த அவசரமும் ஒரு காரணம்.

அந்தப் படையில் நிஜாம் துருப்புகளோடு வந்த ஒருவர் கேப்டன் ஜான் மால்கம். ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகப் போனவர். போர் முடிந்து மைசூரைப் பங்கிட அமைத்த கமிஷனுக்கு இரண்டு செயலாளர்கள்: ஒருவர் மால்கம், இன்னொருவர் தர்மபுரியில் இருந்து போன மன்றோ. பங்கீட்டில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதி கம்பெனிக்கு வந்தது. கன்னடக் கரையும் மங்களூரும் வந்தன. அதன்பின் இருவரும் பிரிந்துபோன திசைகளைப் பாருங்கள். மன்றோ 1799 நடுவில் கன்னடக் கரைக்குக் கலெக்டராகப் போனார், அதாவது மஸ்கட்டுக்கு அரிசி ஏற்றும் துறைமுகத்துக்கு. மால்கம் அதே ஆண்டு கடைசியில் பம்பாயில் கப்பலேறிப் பாரசீகத் தூதராகக் கிளம்பி, 1800 ஜனவரியில் மஸ்கட் வந்தார்.

மெஹ்தி அலி கான் பேசியபோது அரிசி திப்புவிடம் இருந்தது. மால்கம் பேசியபோது அரிசி கம்பெனியிடம் இருந்தது. பேச்சின் தொனியே மாறியதற்கு இதுதான் காரணம். சுல்தான் பிரெஞ்சுக்காரரோடு இன்னும் தொடர்பு வைத்திருக்கிறார் என்று கம்பெனிக்குச் சந்தேகம் இருந்தது. ஒத்துவராவிட்டால் இந்தியத் துறைமுகங்கள் ஓமன் கப்பல்களுக்கு மூடப்படும் என்பதை மால்கம் மறைக்காமல் புரியவைத்தார். 1800 ஜனவரி 18ஆம் தேதி புதுப் பத்திரம் ஆயிற்று. இரண்டே பிரிவு. பழைய கௌல்நாமா அப்படியே நிற்கும் என்பது ஒன்று. கம்பெனியின் மதிப்புக்குரிய ஆங்கிலேயர் ஒருவர் எப்போதும் மஸ்கட்டில் இருப்பார், இரு அரசுகளின் பேச்சும் அவர் மூலமாகவே நடக்கும் என்பது இன்னொன்று. சூரியனும் சந்திரனும் சுற்றி ஓயும்வரை இந்த நட்பு அசையாது என்று முடித்திருந்தார்கள். சந்திராதித்தவரை என்று கல்லில் வெட்டிவைத்த நம்ம ஊர்க் கொடைகளைப் படித்தவர்களுக்கு இந்த முடிப்பு புதிதாக இருக்காது.

பதினைந்து மாதத்துக்கு முன் ஒரு கோட்டிக்கே இடம் இல்லை என்றவர், இப்போது தன் துறைமுகத்திலேயே நிரந்தரமாக ஓர் ஆங்கிலேயர் குடியிருக்கச் சம்மதித்தார். முதலில் வைக்கப்பட்டவர் ஆர்ச்சிபால்ட் போகிள் என்ற மருத்துவர். சுல்தானுக்கு வைத்தியமும் ஆயிற்று, கம்பெனிக்கு அரண்மனைக்குள் ஆளும் ஆயிற்று. ஆனால் பாறைகளுக்கு நடுவே கோடை முழுக்கக் கொதிக்கும் ஊர் அது. அங்கே வைக்கப்பட்ட ரெசிடெண்டுகள் ஒருவர்பின் ஒருவராக நோயில் செத்தார்கள். 1810 வாக்கில் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். சூரிய சந்திரர் உள்ளவரை என்ற ஏற்பாடு பத்து வருடம் தாக்குப்பிடித்தது.

பிரெஞ்சுத் தரப்பு 1803ல் இன்னொரு முறை முயன்றது. கவினியாக் என்ற தூதர் போர்க்கப்பலில் மஸ்கட் வந்தார். இந்தியத் துறைமுகங்களில் தன் கப்பல்கள் நிறைய நிற்கும்போது அவரை ஏற்க முடியாது என்று சுல்தான் திருப்பி அனுப்பிவிட்டார். பத்திரத்தில் எழுதிய மூன்றாவது பிரிவைக் காப்பாற்றியது இந்தியத் துறைமுகங்களில் நின்ற அந்தக் கப்பல்கள்தான். அடுத்த வருடம், 1804 நவம்பரில், பாரசீகக் கரையில் உள்ள லிங்கே அருகே கடலில் நடந்த சண்டையில் சுல்தான் பின் அஹ்மத் சுட்டுக் கொல்லப்பட்டார். அரேபிய உள்நாடான நஜ்தின் வஹாபிப் படையும் வளைகுடாக் கரையின் கவாசிம் குலத்தார் கப்பல்களும் அவரை நெருக்கியபோது கம்பெனி ஒதுங்கியே இருந்தது. 'உங்கள் எதிரி எங்கள் எதிரி' என்ற வாசகம் பத்திரத்தில் இருந்தது, அதை நடத்திவைக்க ஒரு பிரிவும் இல்லை. இது எனக்கு மனம் ஒப்பாத இடம். கேட்டதை எல்லாம் கொடுத்தவரை அவருடைய ஆபத்தில் தனியே விட்டார்கள்.

வாரிசு சயீத் பின் சுல்தானுக்கு இந்தப் பாடம் புரிந்திருந்தது. அவர் 1807ல் மொரீஷியஸ் கவர்னர் டெகானோடும் ஒரு நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டு இரு பக்கமும் கால் வைத்தார். 1810 டிசம்பரில் ஆங்கிலேயர் மொரீஷியஸைப் பிடித்ததும் அந்தக் கால் வைக்க இடம் இல்லாமல் போயிற்று.

சரியாக நூறு வருடம் கழித்து இதே மஸ்கட்டில், இதே பிரெஞ்சுக்காரர்களோடு, மறுபடியும் தகராறு. 1891 மார்ச்சில் சுல்தான் ஃபைசல் பின் துர்க்கி, பிரிட்டிஷ் அரசைத் தவிர வேறு யாருக்கும் நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். இதை வெளியே சொல்லவில்லை. 1898 மார்ச்சில் மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே உள்ள பந்தர் ஜிஸ்ஸா என்ற சின்னக் குடாவில் நிலக்கரி வைத்துக்கொள்ளப் பிரெஞ்சுக்காரருக்கு இடம் கொடுத்தார். நீராவிக் கப்பல் காலத்தில் நிலக்கரிக் கிடங்குதான் பழைய தண்ணீர்த் துறை. விஷயம் வெளியே வந்ததும், 1899 பிப்ரவரியில் புஷையர் ரெசிடெண்ட் மீட் வந்தார், கடற்படை அதிகாரி டக்ளஸ் 'எக்லிப்ஸ்' போர்க்கப்பலோடு வந்தார். அரண்மனையைச் சுடுவோம் என்று மிரட்டினார்கள். 16ஆம் தேதி சுல்தான் குத்தகையை ரத்து செய்தார். மஸ்கட் சுதந்திரத்தை மதிப்பதாக 1862ல் பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக அறிவித்திருந்ததால் பாரிஸ் கோபப்பட்டது. கடைசியில் பிரிட்டிஷ் நிலக்கரிக் கிடங்கு இருந்த குடாவிலேயே பிரெஞ்சுக்காரருக்கும் ஒரு பங்கு இடம் ஒதுக்கிச் சமாதானம் செய்தார்கள். ரகசிய ஒப்பந்தத்தில் வரும் கோளாறு இது. எதிர்த்தரப்புக்குத் தெரியாத வாக்குறுதியை மீறும்போது, மீறியவரைப் பகிரங்கமாகக் குற்றம் சொல்ல முடிவதில்லை. மிரட்டல்தான் மிஞ்சுகிறது.

அந்த மிரட்டலுக்கு மூன்று வாரம் முன்னால், 1899 ஜனவரி 23ஆம் தேதி, இதே மீட் குவைத்தில் ஷேக் முபாரக்கிடமும் ஒரு பத்திரம் வாங்கியிருந்தார். எதிராளி இங்கே துருக்கியும், பின்னால் ஜெர்மன் ரயில் திட்டமும் ரஷ்யாவும். வேறு எந்த அரசின் ஆளையும் பிரிட்டிஷ் அனுமதியின்றி ஏற்கமாட்டேன், நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ அடகு வைக்கவோ மாட்டேன், எனக்கும் என் வாரிசுகளுக்கும் இது பொருந்தும் என்று ஷேக் எழுதிக் கொடுத்தார். 1798ன் 'நிற்க மண் கிடையாது' அப்படியே இருக்கிறது. ஒரு பெரிய வித்தியாசம்: அன்றைக்குப் போர் நடக்கும்வரை என்று கெடு இருந்தது, இதில் கெடுவே இல்லை. முபாரக்குக்குக் கிடைத்தது புஷையர் கருவூலத்திலிருந்து 15,000 ரூபாயும் மீட் எழுதிய ஒரு தனிக் கடிதமும். அந்தக் கடிதத்திலும் பாதுகாப்பு என்ற வாக்குறுதி இல்லை. நிபந்தனைகளைச் சரியாகக் காப்பாற்றும்வரை பிரிட்டிஷ் அரசின் நல்லெண்ண உதவி இருக்கும், ஒப்பந்தம் முழு ரகசியமாக இருக்கவேண்டும் என்று மட்டும் இருந்தது.

முபாரக் கேட்டிருந்த பாதுகாப்பு எழுத்தில் வந்தது 1914 நவம்பர் 3ஆம் தேதிக் கடிதத்தில். துருக்கியோடு போர் வெடித்துவிட்டது, உம் கஸ்ர், சஃப்வான், புபியான் ஆகியவற்றைத் தாக்கவும் பஸ்ராவைப் பிடிக்கவும் அவருடைய உதவி தேவைப்பட்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பில் உள்ள சுதந்திர அரசாகக் குவைத்தை ஏற்கிறோம் என்று அப்போதுதான் எழுதினார்கள். அடுத்த வருடம் நவம்பரில் முபாரக் இறந்தார்.